நடை வயது எண்பத்தேழு

நடைநலன் இயக்ககத்துக்குள் யாரும் நடக்கக் கூடாது. தரைக்கு அடியில் கருவிகள் பதித்திருக்கிறார்கள். ஊழியர்கள் கண்டபடி நடந்தால் அளவுகள் கெட்டுப்போகும் என்பது இயக்குநரின் உத்தரவு. அதனால் அளவையாளர்கள் சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்து, சுவரைக் கையால் தள்ளித் தள்ளி மேசைக்கு மேசை உருண்டு போவார்கள். இயக்குநருக்கு மட்டும் ஒரு பேட்டரி வண்டி. வரவேற்பறைச் சுவரில் ‘நீங்கள் நடக்க, நாங்கள் அமர்ந்தோம்’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது.

குடிநீர் அலுவலகத்துப் பியூன் அதை இரண்டு தடவை படித்தார். அதில் கேலி எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. அரசாங்கச் சுவரில் கேலி எழுத மாட்டார்கள்.

ஐம்பது வயதைத் தாண்டிய ஊழியர்கள் எல்லாரும் நடைத் தகுதிச் சான்று வாங்க வேண்டும் என்று புதிதாக ஆணை வந்திருந்தது. நடந்துகொண்டே இன்னொரு வேலையும் செய்யும்போது ஒருவன் கால் எப்படிப் போகிறது என்று அளந்தால், அவன் என்றைக்காவது விழுவானா மாட்டானா என்று முன்கூட்டியே சொல்லிவிடலாமாம். சான்று இல்லாதவர் நடந்து செய்கிற வேலையில் இருக்க முடியாது. பியூன் வேலையில் நடப்பதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது சீருடை மட்டும்தான்.

ஆனால் பியூன் கவலைப்படவில்லை. நான்கு மாடி அலுவலகம், என்றைக்கோ நின்றுபோன லிஃப்ட், ஒரு கையில் கோப்புக் கட்டு, மறுகையில் டீ பிளாஸ்க், இடுப்பில் சாவிக்கொத்து என்று பாதி ஆயுள் ஓடியிருக்கிறது. ஒரு சொட்டு டீ சிந்தியதாகப் புகார் இல்லை.

“சும்மா போய் நடந்து காட்டிட்டு வாய்யா” என்று ஹெட் கிளார்க் அனுப்பியிருந்தார். “உன் நடையைப் பாத்தா மிஷினுக்கே மூச்சு வாங்கும்.”

அவருக்கு முன்னால், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அழைத்திருந்த இளவயதுக்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். முதலில் ஒரு கல்லூரி மாணவன். கைப்பேசியில் இரண்டு கட்டை விரலாலும் தட்டிக்கொண்டே நடந்தான். வேகம் குறையவில்லை, அடி பிசகவில்லை. நேராகப் போய்த் தூணில் மோதினான். நெற்றி வீங்கிவிட்டது. அளவையாளர் உருண்டு வந்து அவனுக்குக் கை கொடுத்தார். முழு மதிப்பெண்.

“தூண்ல இடிச்சுட்டாரே மேடம்?” என்று பியூன் கேட்டுவிட்டார்.

“மோதல் எங்க அளவீட்டுல வராது ஐயா. அது கட்டடத்துறை.”

அடுத்தது ஓர் இளம் தாய். இடுப்பில் குழந்தை, தோளில் பை, காதுக்கும் தோளுக்கும் நடுவே போன். மூன்றோடும் சேர்ந்து தண்ணீரில் போவது மாதிரி வந்தாள். குழந்தையைக் கீழே விடச் சொன்னார்கள். கழித்தல் கணக்கு, தண்ணீர் டம்ளர், விலங்குகளின் பெயர் சொல்லுதல், கைப்பேசியில் தட்டுதல், இந்த நான்குதான் அங்கீகரிக்கப்பட்ட இரண்டாவது வேலைகளாம். குழந்தை அதில் இல்லை. அவள் குழந்தையை விட்டுவிட்டு நடந்தாள். குழந்தை வழக்கமாக இருக்கும் பக்கம் உடம்பு சாய்ந்தது. ‘ஒரு பக்கச் சாய்வு, காரணம் தெரியவில்லை’ என்று பதிந்துகொண்டார்கள்.

பியூன் முறை வந்தது. முதலில் வெறுமனே நடக்கச் சொன்னார்கள். நடந்தார். இரண்டு அளவையாளர்கள் திரையைப் பார்த்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்தப் பெண் அளவையாளர் ஒலிபெருக்கியில் பேசினார்.

“ஐயா, இப்ப நடந்துகிட்டே பதில் சொல்லணும். நூத்துல ஏழு போனா?”

பியூன் சட்டென்று நின்றார். கைகளைக் கட்டிக்கொண்டு, குரல் வந்த திசைக்குத் திரும்பி, தலையை லேசாகத் தாழ்த்தினார்.

“தொண்ணூத்தி மூணுங்க மேடம்.”

“நிக்காதீங்க. நடந்துகிட்டே சொல்லுங்க.”

“சரிங்க மேடம்” என்று நின்றபடியே சொல்லிவிட்டு நடந்தார்.

“தொண்ணூத்தி மூணுல ஏழு போனா?”

மறுபடி நின்றார். “எண்பத்தாறுங்க மேடம்.”

நிற்கக் கூடாது என்று அவருக்கு நன்றாகவே புரிந்தது. காலுக்குப் புரியவில்லை. வேலையில் சேர்ந்த முதல் நாள் சொல்லிக் கொடுத்தது அது. அதிகாரி வாய் திறந்தால் பியூன் கால் நிற்க வேண்டும். நடந்துகொண்டே பதில் சொன்ன ஒருவனைப் பம்ப் ஹவுஸுக்கு மாற்றி, அவன் அங்கேயே காது கெட்டு ஓய்வு பெற்றதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். குரல் கேட்டதும் கால் பிரேக் போட்ட மாதிரி நின்றுவிடும். அதில் அவர் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

திரையில் முடிவு வந்தது. பேசினால் நடை நிற்கிறது. விழும் அபாயம் மிக அதிகம். நடை வயது எண்பத்தேழு.

இயக்குநர் தம் பேட்டரி வண்டியில் வந்து சேர்ந்தார். நல்ல பருமன். இறங்கவில்லை.

“சார், எனக்கு வயசு ஐம்பத்தி நாலுதான் சார்.”

“அது நீங்க பிறந்த கணக்கு. அதை நாங்க எடுத்துக்கிறதில்ல. பிறந்த தேதியை யார் வேணும்னாலும் சொல்லிக்கலாம். கால் பொய் சொல்லாது.”

“மேடம் பேசுனாங்க, மரியாதைக்காக நின்னேன் சார்.”

“உங்களுக்கு மட்டும் சொல்றேன்.” இயக்குநர் குரலைத் தாழ்த்தவில்லை. “எங்க கருவில வேகம் தெரியும், அடி நீளம் தெரியும், ஆட்டம் தெரியும். மரியாதைக்குன்னு ஒரு வயர் கொடுக்கல. அப்ப விஞ்ஞானப்படி மரியாதைங்கிறது என்ன? மூளைத் தேய்மானம்.”

பியூன் இதை நின்று கேட்டார். இயக்குநர் அதையும் கவனித்துத் தலையாட்டிக்கொண்டார்.

வீட்டில் மனைவி தையல் மிஷினை நிறுத்தாமலே கேட்டாள். “என்னாச்சு? சான்று குடுத்தாங்களா?”

“எனக்கு எண்பத்தேழு வயசாம்.”

“அப்ப எங்கப்பாவை விடப் பெரியவரா நீங்க?” மிஷின் நின்றது. “இருங்க, சும்மா விளையாடாதீங்க. வேலை போயிடுமா?”

“மறு சோதனை ஒண்ணு இருக்கு. அதுலயும் நின்னுட்டேன்னா போயிடும்.”

அன்று சாயங்காலமே பயிற்சி ஆரம்பமானது. வாசல் கதவிலிருந்து சமையலறை வரை அவர் நடக்க, மனைவி பின்னாலேயே போய்க் கேட்டாள். நூறில் ஏழு போனால் எவ்வளவு, போன மாதம் கேஸ் எப்போது வந்தது, அவர் தங்கச்சி வீட்டு விசேஷத்தில் தன்னை ஏன் யாரும் வரவேற்கவில்லை. பியூன் ஒரு கேள்விக்கும் நிற்கவில்லை. பாதிக் கேள்விக்குப் பதிலும் சொல்லவில்லை. கால் மட்டும் எண்ணெய் போட்ட மாதிரி போய்க்கொண்டே இருந்தது.

மனைவி இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டாள்.

“கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் பேசி நீங்க நின்னதே இல்ல. முன்பின் தெரியாதவ ஒருத்தி மைக்குல பேசுனா மட்டும் நிப்பீங்களா?”

“அவங்க அதிகாரி.”

“அப்ப நான் யாரு?”

பியூன் சமையலறைப் பக்கம் நடந்தார்.

மறு சோதனைக்கு மனைவியையும் கூட்டிப்போய், கேள்வியை இவளே கேட்கட்டும் என்று விண்ணப்பித்தார். அளவையாளர் சுவரைத் தள்ளிக்கொண்டு போய் மேலிடத்தில் கேட்டுவிட்டு உருண்டு வந்தார்.

“அம்மாவோட குரல் தரப்படுத்தப்படலைங்க.”

“இருபத்தாறு வருஷமா இவரை வச்சுத் தரப்படுத்தியிருக்கேன்” என்றாள் மனைவி. “இதுக்கு மேல என்ன தரம் வேணும்?”

ஒப்புக்கொள்ளவில்லை. பியூன் ஒரு முடிவுக்கு வந்தார். இன்றைக்கு எவர் வாயைத் திறந்தாலும் நிற்பதில்லை. அமைச்சரே வந்து கூப்பிட்டாலும் நிற்பதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பினார். நூறில் ஏழு போனது, தொண்ணூற்று மூன்றில் ஏழு போனது. கால் ஒவ்வொரு தடவையும் கெஞ்சியது. விடவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஓரத்தில் நின்ற மனைவி வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

பாதி வழியில் பதிவுக் கருவி நின்றுபோனது. அதில் இடம் தீர்ந்துவிட்டதாம்.

“நில்லுங்க” என்றது ஒலிபெருக்கி.

இது பொறி என்று பியூன் நினைத்தார். நடந்தார்.

“ஐயா, நில்லுங்க!”

இன்னும் வேகமாக நடந்தார். தரை முடியும் இடத்துச் சிவப்புக் கோட்டைத் தாண்டினார். கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்து, வராந்தாவைக் கடந்து, வாகனம் நிறுத்துமிடத்துக்கே போய்விட்டார். அளவையாளர் நாற்காலியில் உருண்டுகொண்டே பின்னால் வந்து, கதவு நிலைப்படியில் சக்கரம் மாட்டிக்கொள்ள, “நில்லுங்க ஐயா, நில்லுங்க” என்று கத்தினார். பியூன் கார்களுக்கு நடுவே அறுபத்தைந்தில் ஏழைக் கழித்துக்கொண்டிருந்தார்.

இயக்குநர் இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“முதல் தடவை, நிக்கச் சொல்லாதப்ப நின்னிருக்கீங்க. ரெண்டாவது தடவை, நிக்கச் சொன்னப்ப நிக்கல. ஒண்ணு நடக்கிற திறன் போனது, இன்னொண்ணு நிக்கிற திறன் போனது. நியாயமா நான் நூறு போடணும். உங்க குடும்பத்தைப் பாத்து எண்பத்தேழோட விடுறேன்.”

“சார், வேலையை மட்டும் எடுத்துடாதீங்க சார்.”

“யார் எடுக்கிறா? நாங்க மனுஷங்கதானே. வேலை இருக்கும். நடக்கத்தான் கூடாது.”

முன்னெச்சரிக்கை நாற்காலி ஒன்றை ஒதுக்கினார்கள். மருத்துவமனையில் இருப்பது மாதிரி, தள்ளிக்கொண்டு போவது. காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும் வரை அதில்தான் இருக்க வேண்டும். இருக்கையில் ஒரு கருவி உண்டு. எழுந்தால் பூனையை மிதித்த மாதிரி கத்தும். அடுத்த பரிசீலனை வரை இப்படி. தள்ளுவதற்குக் குடும்பத்திலிருந்து ஒரு துணை வேண்டும், அந்தத் துணைக்கும் நடைச் சோதனை உண்டு.

மனைவிதான் முதலில் நடந்தாள்.

“அம்மா, நூத்துல ஏழு போனா?”

“எங்க போச்சு?”

“கணக்கும்மா. கழிச்சுச் சொல்லணும்.”

“எதுக்குக் கழிக்கணும்? இருந்த மனுஷனை நாற்காலியில உக்கார வச்சுட்டீங்க, இனி கழிக்க என்ன இருக்கு?” என்று ஒலிபெருக்கியைப் பார்த்துத் திரும்பி, பின்பக்கமாகவே நடந்துகொண்டு சண்டை போட்டாள். பின்பக்கமாக நடப்பதற்கு அவர்களிடம் அட்டவணை இல்லை. சோதனை செல்லாது என்று அறிவித்தார்கள்.

வீட்டில் மிச்சம் இருந்தது மாமனார்தான். வயது எண்பத்திரண்டு. காது சுத்தமாகக் கேட்காது. அந்த இடம் மூட்டுவலி ஆஸ்பத்திரி என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தார். நடை என்றால் அவருக்கு ஆசை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பினார். நூறில் ஏழு போனது, பாலூட்டிகளில் ஐந்தைச் சொல்லச் சொன்னார்கள், ஒலிபெருக்கியைப் பெரிதாக வைத்துக் கேட்டார்கள். கிழவர் ஒன்றும் சொல்லாமல், ஒரே சீராக, கடைசி வரை போய்த் திரும்பி வந்தார்.

“பதிலே சொல்லலையே மேடம்” என்றார் பியூன்.

“பதிலைச் சரிபாக்கிற கருவி இன்னும் வரல ஐயா. இப்போதைக்கு நடை மட்டும்தான்.” அளவையாளர் குரலே தழுதழுத்தது. “இரண்டாவது வேலையால துளிகூடப் பாதிக்கப்படாத நடை. இப்படி ஒண்ணை நான் பாத்ததே இல்ல.”

நடை வயது இருபத்தொன்பது.

இயக்குநர் முதல் தடவையாக வண்டியிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்து, கிழவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். “பெரியவரே, உங்க நடையோட ரகசியம் என்ன? எங்க ஆராய்ச்சிக்குச் சொல்லணும்.”

“காலைல ஒரு சொம்பு வெந்நீர்” என்று மாமனார் கூரை அதிரச் சொன்னார். “தானாப் போயிடும்!”

அளவையாளர்கள் எழுதிக்கொண்டார்கள்.

மறுநாளிலிருந்து எண்பத்திரண்டு வயதுக் கிழவர் ஐம்பத்துநாலு வயது மருமகனை நாற்காலியில் வைத்துக் குடிநீர் அலுவலகத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். சாலையில் போகிறவர்கள் எல்லாம் பியூனைத் திட்டினார்கள். ஒரு ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தியே திட்டினார்.

“யோவ், வெக்கமா இல்ல? பெரியவரைத் தள்ள விட்டுட்டுக் குந்தியிருக்க?”

எழுந்து பதில் சொல்லலாம் என்றால் நாற்காலி கத்தும். “ஆர்டர் இருக்குங்க” என்று மடியிலிருந்த காகிதத்தைக் காட்டினார். ஆட்டோக்காரர் அதை வாங்கிப் படித்துவிட்டு, முகம் மாறி, “பாவம், இந்த வயசுல” என்று சொல்லிவிட்டுப் போனார். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

அலுவலகத்தில் மாடிப்படி வரைதான் நாற்காலி போகும். மாமனார் அவரைப் படிக்குக் கீழே சுவரோரம் நிறுத்திவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். இரண்டாவது நாளே ஹெட் கிளார்க் கோப்புக் கட்டைக் கிழவர் கையில் கொடுத்தார்.

“சும்மாதானே நிக்கிறாரு. சான்று வேற வச்சிருக்காரு.”

“அவருக்குக் காது கேக்காது சார். எந்த மாடின்னு சொன்னா புரியாது.”

“நீ கொண்டுபோனப்ப மட்டும் கோப்பு எங்கயாவது போய்ச் சேந்துச்சா என்ன?” என்றார் ஹெட் கிளார்க்.

மாமனார் கையில் கிடைத்ததைக் கண்ணில் பட்ட முதல் மேசையில் வைத்துவிட்டு இறங்கி வருவார். ஒரு மாதம் போனது. எந்த மேசையிலிருந்தும் புகார் வரவில்லை. கிழவரை ‘பியூன் தாத்தா’ என்று தெருவில் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்கள். நாற்காலியில் இருந்தவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. மெல்ல மெல்லக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள்.

“கவலைப்படாதீங்க மாப்ளே” என்று கிழவர் சாயங்காலம் தள்ளிக்கொண்டு வரும்போது கத்துவார். “மூட்டு சீக்கிரம் சரியாயிடும்!”

வீட்டிலாவது நடக்கலாம் என்று மனைவி அவரைக் கைபிடித்துத் தூக்கினாள். நாற்காலி கத்தியது. உடனே இயக்ககத்திலிருந்து போன் வந்தது.

“அம்மா, ஐயா எழுந்துட்டாரா?”

“பாத்ரூம் போனாரு.”

“எவ்வளவு நேரம் ஆகும்மா?”

“உள்ள போய் எட்டிப் பாத்துச் சொல்லட்டுமா?”

“சிரமம் இல்லைன்னா சொல்லுங்கம்மா.”

அவள் போனைத் தையல் மிஷின் மேல் வீசினாள். அது உடையவில்லை. மறுமுனையில் அவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த தடவை எழுந்தால் வேலையும் போகும் என்று எழுத்து மூலம் வந்தது. அதற்குப் பிறகு பியூன் எழவில்லை. மனைவி கோபத்தில் சில நாள் அவரோடு பேசவில்லை. பிறகு பேசினாள். இப்போது அவள் பேசும்போது அவர் எங்கும் நகராமல் முழுதாகக் கேட்டார். “இதுக்கு நீங்க நடந்துகிட்டே இருந்திருக்கலாம்” என்று அவள் ஒரு நாள் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மழைக்காலம் வந்து போனது. பியூனின் கால்சட்டையை மனைவி இரண்டு தடவை பிடித்துத் தைத்தாள். தொடை கையளவுக்கு இளைத்திருந்தது. படுக்கையில் முழங்காலை மடக்கப் பார்த்தார். யாரோ ஒருவருடைய காலை மடக்குவது மாதிரி இருந்தது. அவளிடம் சொல்லவில்லை. அவளும் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

பரிசீலனை நாளன்று இயக்ககத்தில் ஒரே கூட்டம். இயக்குநர் மேலதிகாரிகள் சிலரை அழைத்திருந்தார். பியூனை நாற்காலியோடு சோதனைத் தரையின் தொடக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

“இன்னைக்குக் கேள்வி எதுவும் கிடையாது ஐயா” என்றது ஒலிபெருக்கி. குரலில் பிரியம் இருந்தது. “சும்மா நடந்தா போதும். நடந்துட்டீங்கன்னா சான்று.”

பியூன் கைப்பிடியை அழுத்தி எழுந்தார். நாற்காலி கத்தியது. வலது காலை வைத்தார். இடது காலைத் தூக்கியபோது வலது கால் அங்கே இல்லாத மாதிரி இருந்தது. முகம் தரையில் பட விழுந்தார்.

இயக்குநர் கை தட்டினார். மேலதிகாரிகளும் தட்டினார்கள். மனைவி ஓடிவந்து தூக்கப் போனாள்.

“அம்மா, தரையில கால் வைக்காதீங்க! பதிவு ஓடிட்டிருக்கு!”

அவள் கால் வைத்தாள். தூக்க முடியாமல் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். இயக்குநர் வண்டியைத் திருப்பிக் கூட்டத்தைப் பார்த்துப் பேசினார்.

“போன வருஷம் இந்த மனுஷர் நாலு மாடி ஏறி இறங்கிட்டிருந்தாரு. பாத்தவங்க யாரும் இவர் விழுவாருன்னு சொல்லியிருக்க மாட்டாங்க. இவரோட சொந்த மனைவி சொல்லல. இவரே சொல்லல. நாங்க மட்டும்தான் சொன்னோம். இன்னைக்கு விழுந்தாரு. எத்தனையோ பேர் எங்களை நம்பாம, நாங்க சொன்னபடி உக்காராம, இன்னும் விழாமத் திரியறாங்க. அவங்களால எங்க விகிதம் கெட்டுப்போகுது. இவர் ஒருத்தர்தான் ஒழுங்கா ஒத்துழைச்சாரு.”

அவர் குரல் கம்மியது. உண்மையாகவே கம்மியது.

பியூனுக்கு மூக்கிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. “சார்” என்றார் கீழே இருந்து. “என் வேலை?”

“அதுக்குத்தான் வர்றேன்.” இயக்குநர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு அளவையாளரிடம் கொடுக்க, அளவையாளர் உருண்டு வந்து குனிந்து அதைப் பியூன் கையில் வைத்தார். நடைத் தகுதிச் சான்று. முத்திரை, வண்ணப் புகைப்படம் எல்லாம் இருந்தது.

“விழும் அபாயம் உள்ளவங்களுக்குத்தான் எங்ககிட்ட கட்டுப்பாடு. நீங்க விழுந்தாச்சு. இனிமே அபாயம் இல்ல. நாளைக்கே வேலையில சேந்துக்கலாம். நாலு மாடியும் ஏறலாம்.”

அளவையாளர் காலியான நாற்காலியைத் தன் நாற்காலியோடு கோத்து இழுத்துக்கொண்டார்.

“அதை எங்க கொண்டுபோறீங்க?” என்றாள் மனைவி.

“அபாயம் உள்ளவங்களுக்கு மட்டும்தாம்மா நாற்காலி. வெளியில ரெண்டு பேர் காத்திருக்காங்க.”

மனைவி ஒரு பக்கமும் மாமனார் ஒரு பக்கமும் பிடித்து அவரைக் கண்ணாடிக் கதவு வரை இழுத்து வந்தார்கள். சான்றை மடக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் பியூன் அதைக் கையில் நேராகப் பிடித்திருந்தார். வெளியே நல்ல வெயில். வாசலிலிருந்து தெருவுக்கு இறங்க ஆறு படிகள் இருந்தன. மூவரும் மேல்படியில் நின்று அவற்றைப் பார்த்தார்கள்.